பேஸ் எங்கே போகிறது?

கேள்வி: டிடிஏ2030 ஐசியில் ஆம்ப்ளிஃபயர் செய்தேன், 12 வோல்ட் அடாப்டர், 4 ஓம் ஸ்பீக்கர். சத்தம் குறைவு, பேஸ் இல்லை. ஐசி டூப்ளிகேட்டா?
– வாசகர், மட்டாஞ்சேரி, கொச்சி

பதில்: ஐசியைச் சந்தேகிக்கும் முன் ஸ்பீக்கருக்கு முன்னால் உள்ள கெப்பாசிட்டரைப் பாருங்கள். ஒற்றை சப்ளையில் பேஸ் முழுவதும் அதன் வழியேதான் போக வேண்டும். 100 மைக்ரோஃபாரட் என்றால் சுமார் 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி தேயும். உங்கள் ஊர் மெஹ்ஃபில் கச்சேரித் தபலாவின் இடக்கை முழக்கம் அங்கேதான் தொலைகிறது. 2200 போட்டால் எல்லை 18 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். அச்சிட்ட மதிப்பு சரிதானே என்பீர்கள். பழைய எலக்ட்ரோலிட்டிக் உலர்ந்து மதிப்பிழந்திருக்கலாம், புதியதை மாட்டிக் கேளுங்கள். டோன் கன்ட்ரோலில் பேஸை ஏற்றினால் போதாதா? போதாது. 12 வோல்ட்டில் கிடைப்பதே இரண்டு மூன்று வாட். ஏற்றினால் ஒலி கிழியும். சத்தம் குறைவதும் இந்தக் குறைந்த வாட்டால்தான். 24 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளையும் நல்ல ஹீட்சிங்க்கும் கொடுங்கள். கெப்பாசிட்டர்கள் 35 வோல்ட் தாங்கட்டும்.