கல்வியில் ஏற்றத்தாழ்வு: சிதம்பரம் கற்பிக்கும் பாடம்

கல்வி எல்லார்க்கும் பொது என்று கூறுதல் எளிது. ஆயின், பள்ளியின் வாயில் திறந்திருந்தால் மட்டும் போதுமா? அவ்வாயிலை அடையும் வழியும், அடைந்தபின் அமரும் இடமும் எல்லார்க்கும் ஒன்றாக உள்ளனவா? இவ்வினாக்களுக்கு நம் கடலூர் மாவட்டத்து வரலாறே விடை கூறுகின்றது.

ஆரணிக்கு அருகிலுள்ள மேல்புதுப்பாக்கத்தில் 1890-இல் பிறந்தவர் சுவாமி சகஜானந்தர். அவர் 1916-இல் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவித் தீண்டாமையால் கல்வி மறுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். எழுத்தறிவித்தலோடு நில்லாது, வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் பயில விடுதியும் அமைத்தார். சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்து அம்மக்களுக்காகக் குரல் கொடுத்தார். 1959-இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பள்ளிகள் இன்று அரசுப் பள்ளிகளாக நடைபெறுகின்றன.

அதே ஊரில் 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. தொடக்கப்பள்ளியே எட்டாத பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் அருகிலிருந்து என்ன பயன்? உயர்கல்விக்கு ஏறும் படிகளுள் முதற்படியை முன்னரே இட்டவர் சகஜானந்தர்.

தடைகள் பல, ஆதலின் தீர்வுகளும் பலவாயின. பசி தடுத்தது, 1956-இல் காமராசரின் மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும், 2022-இல் காலை உணவுத் திட்டமும் வந்தன. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்கியது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் கிடைத்தது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி கற்கும் பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது.

ஆயினும் அரசாணை நுழைய இயலாத இடம் ஒன்றுண்டு. அது வகுப்பறை. ஆசிரியப் பயிற்சியில் நாம் வலியுறுத்தி வந்தது இதுவே: எல்லார்க்கும் ஒரே வீட்டுப்பாடம் தருதல் சமம் போல் தோன்றும். ஒரு பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கத் தாய் இருக்கின்றாள். மற்றொரு பிள்ளையின் தாயோ நாற்று நட்டு, இருட்டியபின் திரும்புகின்றாள், அவளுக்கு எழுத்தும் தெரியாது. மறுநாள் பாடம் முடிக்காத பிள்ளையைச் சோம்பேறி என்கின்றோம். அளவை ஒன்றாக்குவது சமமன்று. தேவையறிந்து தருவதே சமம்.

இப்பாடம் ஆசிரியர்க்கு மட்டும் உரியதன்று. நம் இல்லங்களில் பலர் பிள்ளைகளைக் கட்டணப் பள்ளிகளில் சேர்த்துவிட்டோம். அது குற்றமன்று. ஆனால், தலைமையாசிரியரை அணுகிக் குறை கேட்கும் துணிவுள்ள குடும்பங்கள் விலகியதால் ஊர்ப்பள்ளி துணையின்றி நிற்கின்றது. நான்கு தானங்களுள் சாத்திரதானமும் ஒன்றெனப் போற்றும் நாம், வாரம் ஒரு மாலையேனும் அண்டை வீட்டு ஏழைப் பிள்ளைக்கு வாசிப்புக் கற்பித்தல் இயலாததா?

சிந்திக்க:
1. உம் ஊர்ப்பள்ளியில் பயில்வோர் எவ்வெவ் வீட்டுப் பிள்ளைகள்?
2. அவர்களுள் படிப்பை இடையில் நிறுத்தியவர் யார்? ஏன்?
3. அக்காரணங்களுள் நம்மால் நீக்கத்தக்கது எது?