உலை உருளைகளுக்கு ஏற்ற உலோகக் கலவை

எஃகுத் தகடுகளை வெப்பப் பதனம் செய்யும் நீண்ட உலைகளில், தகட்டைத் தாங்கி நகர்த்துவதற்கு உருளைகள் வரிசையாக அமைக்கப்பட்டிருக்கும். சுமார் 900 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் இவை ஓய்வின்றிச் சுழலுதல் வேண்டும். நிக்கலும் குரோமியமும் மிகுந்த எஃகினால் இவற்றை வார்ப்பதே நெடுநாளைய வழக்கம்.

இவ்வுருளைகளுக்கு இருவகைக் கேடுகள் நேர்கின்றன. ஒன்று, பாரத்தினால் சிறிது சிறிதாகத் தொய்ந்து வளைதல். மற்றொன்று, மேற்பரப்பில் கொப்புளங்கள் தோன்றித் தகட்டைக் கீறுதல். ஆகவே உலையை நிறுத்தி, ஆறவிட்டு, உருளைகளைச் சீர்செய்து, மீண்டும் சூடேற்ற நேரிடுகிறது. இவ்வாறு சூடேற்றச் செலவாகும் எரிபொருளால் ஒரு தகடேனும் பதனமாவதில்லை. உருளையின் ஆயுளை நீட்டுவதே எரிபொருளைச் சேமிப்பதாகும்.

இதற்குப் பரிகாரமாக ஆராயப்பட்டது நிக்கல் அலுமினைடு என்னும் சேர்மம். இதில் மூன்று நிக்கல் அணுக்களுக்கு ஓர் அலுமினிய அணு என்ற விகிதத்தில் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. பெரும்பாலான உலோகங்கள் சூடேறுந்தோறும் வலிமை குன்றும். இதன் வலிமையோ சுமார் 600 டிகிரி வரை கூடிச் செல்லும். மேலும், இதிலுள்ள அலுமினியம் ஆக்சிஜனுடன் கூடி, மெல்லிய உறுதியான படலமாக மேற்பரப்பைக் காக்கிறது.

எனினும், இது எளிதில் நொறுங்கிவிடும் குறையுடையது. 1979-இல் ஜப்பானிய அறிஞர்களான அவோகியும் இசுமியும், மிகச் சிறிதளவு போரான் சேர்த்தால் இக்குறை நீங்குவதைக் கண்டறிந்தனர். பின்னர் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடத்தார் குரோமியம், மாலிப்டினம், சிர்கோனியம் ஆகியவற்றையும் சேர்த்து, வார்ப்பதற்குத் தக்க கலவைகளை உருவாக்கினர். 1990-களில் இண்டியானா மாநிலத்துப் பர்ன்ஸ் ஹார்பர் எஃகு ஆலையில் இக்கலவையாலான உருளைகள் சோதிக்கப்பட்டன. பற்றவைக்கும்போது வெடிப்புகள் உண்டாவது பெருந்தடையாக இருந்தது. அதற்கென்றே தனிப் பற்றுக்கம்பி ஆக்கப்பட்டது. உலோகம் நன்றாயிருந்தால் மட்டும் போதாது, அதை இணைக்கும் முறையும் கைவரவேண்டும் என்பதே இதனால் பெறும் பாடம்.

ஆசிரியர்கள் வீட்டிலுள்ள அலுமினியப் பாத்திரத்தையும் துருப்பிடித்த ஆணியையும் மாணவர்க்கு அருகருகே காட்டிப் படலத்தின் பயனை விளக்கலாம். பின்வரும் வினாக்களையும் கேட்கலாம்:

1. துரு இரும்பைக் காவாமலிருக்க, அலுமினியப் படலம் தன் உலோகத்தைக் காப்பது ஏன்?
2. உலையை அடிக்கடி நிறுத்துவதால் எரிபொருள் வீணாவது எங்ஙனம்?