தயமின் என்னும் பெயர்

மருந்துக்கடைக் குளிகைப் புட்டியின் மேலே 'தயமின் ஐதரோகுளோரைட்டு' என்று கண்டார்க்கு அஃது ஏதோ நஞ்சின் பெயர்போலத் தோன்றும். தவிட்டிலுள்ள சத்தே அதுவெனின் நம்புவார் சிலரே.

1890களில் யாவாத் தீவிலே ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசிச்சோறு உண்ட கோழிகள் பெரிபெரி நோயாளர்போற் கால் தளர்ந்து வீழ்வதையும், தீட்டாத அரிசியாற் தேறுவதையும் கண்டார். ஆயின் சோற்றிலே நஞ்சுண்டென்றும், தவிடு அதனை முறிக்கின்றதென்றும் கருதினார். இல்லாததொன்று நோய் விளைக்கும் என எண்ணுதல் எளிதன்று. 1901இல் அவர்பின் வந்த கிறைன்ஸ் என்பாரே அவ்வுண்மையை உரைத்தார்.

1912இல் பங்க் என்பார் இத்தகைய பொருள்கள் யாவும் அமைன் வகையின எனக் கொண்டு, 'உயிர்க்கு வேண்டிய அமைன்' என்னும் பொருள்பட 'விற்றமைன்' எனப் பெயரிட்டார். கருத்துப் பிழை, விற்றமின் சீயில் நைதரசனே இல்லை. 1920இல் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்தொன்றைக் களைந்து பெயரைக் காத்துக்கொண்டனர். தயமினோ மெய்யாகவே அமைன். பெயரின் முற்பகுதி கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்வழி வந்தது. ஐதரோகுளோரைட்டு என்பது அச்சத்து உப்பு வடிவில் உள்ளதென்பதையே காட்டும்.

உடலிலே மாப்பொருள் குளுக்கோசாகிப் பின் பைரூவிக்கமிலமாகும். அதனை மேலும் மாற்றிச் சத்தி பெறுதற்குரிய நொதியம் தயமினின்றித் தொழிற்படாது. ஆதலாற் சோறு மிகுதியாக உண்பார்க்கு இது மிகுதியும் வேண்டும்.

நம் அன்னையர் நெல்லைப் புழுக்குங்கால் தவிட்டின் சத்து நீரோடு அரிசியினுட் சென்று தங்குகின்றது. பின்பு தீட்டினும் முற்றும் நீங்காது. தீட்டிய பச்சையரிசியைப் பன்முறை கழுவும் வீட்டிலோ, எஞ்சிய சிறிதிலும் ஒரு பகுதி கழுநீரோடு மாட்டுத்தொட்டிக்குப் போகின்றது.