சேலர்ஸ் கிரீக்: பின்வாங்கும் வழியில் ஒரு போர்

அன்புள்ள இளங்கோவுக்கு,

அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராபர்ட் லீயின் தெற்குப் படை பின்வாங்கும் வழியில் பட்ட பேரடி சேலர்ஸ் கிரீக் சண்டை. வர்ஜீனியாவில் அந்தச் சிற்றோடையின் கரையோரம் 1865 ஏப்ரல் 6-ஆம் தேதி நடந்தது. அன்று மட்டும் தெற்குப் படை ஏறத்தாழ 7,700 பேரை இழந்தது. அவர்களில் பெரும்பாலோர் சாகவில்லை, சிறைப்பட்டார்கள்.

பீட்டர்ஸ்பர்க் நகரை ஒன்பது மாதத்துக்கும் மேலாக முற்றுகையிட்டிருந்த கிராண்டின் வடக்குப் படை, ஏப்ரல் 2-ஆம் தேதி அரண்களை உடைத்தது. அன்றிரவே லீ பீட்டர்ஸ்பர்க்கையும் தெற்கின் தலைநகர் ரிச்மண்டையும் கைவிட்டார். டான்வில் ரயில் பாதையை ஒட்டித் தென்மேற்கே போய், வட கரோலினாவில் இருந்த ஜான்ஸ்டன் படையோடு சேர்வது அவர் திட்டம். வழியில் அமீலியா கோர்ட் ஹவுஸில் உணவு காத்திருக்கும் என்று நம்பினார். அங்கே இருந்தவை வெடிமருந்தும் குண்டுகளும்தான். பண்ணை பண்ணையாகத் தானியம் கேட்டு அலைந்ததில் ஒரு நாள் போயிற்று, கிடைத்ததோ சொற்பம். அந்த ஒரு நாளால்தான் எல்லாம் கெட்டது என்று லீ பின்னர் எழுதினார். ஆனால் முழுப் பழியையும் உணவின் மேல் போடுவது சரியல்ல. ஆற்றைக் கடக்க வேண்டிய மிதவைப் பாலம் வந்து சேராததால், லீயின் தளபதிகளில் ஒருவரான எவலின் பிரிவு அமீலியாவை எட்டவே 5-ஆம் தேதி ஆகிவிட்டது. அதற்குள் ஷெரிடனின் வடக்குக் குதிரைப்படை ஜெட்டர்ஸ்வில்லில் ரயில் பாதையை மறித்துக்கொண்டது. லீ மேற்கே திரும்பி, உணவு இருந்த ஃபார்ம்வில்லை நோக்கிப் படையை இரவோடு இரவாக நடக்க வைத்தார்.

பின்வாங்கும் படை ஒரே பாதையில் மைல் கணக்கில் நீண்டு கிடக்கும். எங்கே அறுந்தாலும் ஆபத்து. 6-ஆம் தேதி லீயின் தளபதிகளில் லாங்ஸ்ட்ரீட் முன்னே போனார். அடுத்து ஆண்டர்சன், எவல், பிறகு பெரிய வண்டித்தொடர், கடைசியில் பின்காவலாக கார்டன். குதிரைவீரர்கள் பக்கவாட்டில் தொல்லை கொடுக்கவே ஆண்டர்சன் நின்று சண்டையிட்டார். அது தெரியாமல் லாங்ஸ்ட்ரீட் நடந்துகொண்டே இருந்தார். நடுவில் விழுந்த இடைவெளிக்குள் வடக்குக் குதிரைப்படை புகுந்தது. வண்டிகளையாவது காப்பாற்றுவோம் என்று எவல் அவற்றை வடக்கே வேறு பாதையில் திருப்பிவிட்டார். அதை கார்டனுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் வழக்கம்போல வண்டிகளின் பின்னாலேயே போய்விட்டார். எவலின் முதுகுக்குக் காவல் இல்லாமல் போயிற்று. வடக்குத் தளபதி ரைட்டின் ஆறாவது கோர் (படைப்பிரிவு) சரியாக அங்கேதான் வந்து சேர்ந்தது.

எவலிடம் ஒரு பீரங்கிகூட இல்லை. அவருடைய ஆட்களில் பலர் ரிச்மண்ட் கோட்டைப் பீரங்கிகளை இயக்கியவர்கள். கப்பல் இழந்த மாலுமிகளும் இருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நெடுநடை பழக்கமில்லை. எதிர்க்கரையில் ஹில்ஸ்மன் வீட்டருகே நிறுத்திய பீரங்கிகள் அரை மணி நேரம் சுட்டன. பிறகு வடக்குக் காலாட்படை மழையால் பெருகிய ஓடையில் இறங்கிக் கடந்தது. மேட்டில் படுத்திருந்தவர்கள் அது நெருங்கும்வரை பொறுத்துச் சுட்டதில் அதன் நடுப்பகுதி சிதறி ஓடியது. துரத்திக்கொண்டு ஓடை வரை இறங்கியவர்களைப் பீரங்கிகள் திருப்பி அடித்தன. அதற்குள் இரு பக்கமும் வளைக்கப்பட்டுவிட்டன. எவலும், லீயின் மூத்த மகன் கஸ்டிஸ் லீயும் பிடிபட்டார்கள். அன்று மொத்தம் எட்டு ஜெனரல்கள் சிறைப்பட்டார்கள். கடைசிவரை ஆயுதம் போடாதவர்களில் அந்த மாலுமிகளும் உண்டு. ஹில்ஸ்மன் வீடு மருத்துவமனையானது. அதன் தரைப் பலகைகளில் அன்றைய இரத்தக் கறையை இன்றும் காட்டுகிறார்கள்.

தெற்கே மார்ஷல் கூட்டுச்சாலையில் ஆண்டர்சனின் வரிசையைக் குதிரைப்படை உடைத்தது. வடக்குத் தளபதி ஜார்ஜ் கஸ்டரின் தம்பி டாம், முகத்தில் குண்டு பாய்ந்தும் எதிரியின் கொடியைப் பறித்து இரண்டாம் முறையாக மெடல் ஆஃப் ஹானர் விருதுக்கு உரியவரானார். வடக்கே, சேற்றிலும் குறுகிய பாலங்களிலும் சிக்கிய வண்டிகளுக்காக கார்டன் நின்று போராடி, சுமார் 1,700 பேரையும் 200-க்கு மேற்பட்ட வண்டிகளையும் இழந்தார்.

இன்னும் நெருக்கினால் லீ சரணடைவார் என்று ஷெரிடன் கிராண்டுக்குத் தகவல் அனுப்பினார். அதைப் படித்த லிங்கன், அப்படியே நெருக்கும்படி சொன்னார். 7-ஆம் தேதி ஃபார்ம்வில்லில் உணவு பங்கிட்டுக்கொண்டிருந்தபோதே மீண்டும் புறப்பட வேண்டியதாயிற்று: ஹை பிரிட்ஜ் என்ற இடத்தில் தெற்குப் படை வைத்த தீயை அணைத்து, அங்கிருந்த வண்டிப் பாலத்தின் வழியே வடக்குப் படை ஆற்றைக் கடந்துவிட்டது. 9-ஆம் தேதி அப்பமாட்டக்ஸில் லீ சரணடைந்தார். அவருடைய படையில் மிஞ்சியிருந்த சுமார் 28,000 பேரை உறுதிமொழி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிராண்ட் அவர்களுக்கு 25,000 ரேஷன் கொடுக்கச் சொன்னார்.

அன்புடன்,
சித்தப்பா