சி டிரைவ் நிரம்பிவிட்டதா? விண்டோஸ் 11க்கு மாறும் முன் இடம் ஒதுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பிரிவில், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிற ஒரு தம்பி போன மாதம் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். "அண்ணா, அப்டேட் பண்ணுன்னு சொல்லுது. பண்ணா இடம் இல்லைங்குது." சி டிரைவின் பட்டை சிவந்து கிடந்தது. மிச்சம் 3 ஜிபி. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மொத்தமாக அழித்துவிடலாம் என்று இருந்தார். திறந்து பார்த்தோம். பாட வீடியோக்களுக்கு நடுவே அவருடைய ஹால் டிக்கெட்டும் சாதிச் சான்றிதழின் ஸ்கேனும் இருந்தன.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், இன்று பல வீடுகளில் இதே அவசரம். அவசரத்தில்தான் வேண்டியது அழிகிறது.

உங்கள் கணினி மாறுமா?

இடம் ஒதுக்குவதற்கு முன் இதைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓடவிட்டால் ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிடும். விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 சிப் ஆகியவை வேண்டும். இன்டெல் பிராசஸர் என்றால், பெரும்பாலும் 8ஆம் தலைமுறை முதல்தான் ஏற்கும். 2011இல் தொடங்கி தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்புகளில் பழையவை இதில் தேறாது. அவற்றைத் தூக்கிப் போட வேண்டாம், லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

அழிக்கும் முன் நகல்

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துக்குள் வந்தபோது, வீட்டுப் பத்திரமும் மதிப்பெண் பட்டியலும் நனைந்து போனவர்கள் எத்தனையோ பேர். அதற்குப் பிறகு நம்மில் பலரும் முக்கியமான தாள்களை ஸ்கேன் செய்து கணினியில் வைத்துக்கொண்டோம். அந்த ஸ்கேன் அந்த ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்தால், அதற்கும் பாதுகாப்பு இல்லை. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றை ரிச்சி தெருவிலோ பக்கத்துக் கடையிலோ வாங்கி, சான்றிதழ்கள், குடும்பப் படங்கள், வேலைக் கோப்புகள் மூன்றையும் போட்டுவிடுங்கள். போட்டதும் நான்கைந்து கோப்புகளையாவது அதிலிருந்தே திறந்து பாருங்கள்.

எது அடைத்திருக்கிறது?

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று போனால் எதற்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் காட்டும். தம்பியின் 128 ஜிபி டிஸ்க்கில் வீடியோ மட்டும் 40 ஜிபி. அவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றியதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பெரிய கோப்பில் கை வையுங்கள். சின்னச் சின்னதாக நூறு படம் அழித்து மாய வேண்டியதில்லை. தொடாத விளையாட்டுகள், காலாவதியான செயலிகள் இருந்தால் ஆப்ஸ் பகுதியில் போய் அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஃபோல்டரை மட்டும் அழித்தால் மிச்சம் மீதி உள்ளேயே தங்கும்.

தற்காலிகக் கோப்புகள்

அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் டெம்பரரி ஃபைல்ஸ் இருக்கும். பழைய அப்டேட்டுகளின் எச்சம், தம்ப்நெயில், டெலிவரி ஆப்டிமைசேஷன் ஆகியவற்றைத் தாராளமாக டிக் செய்து நீக்கலாம். பல மாதம் துடைக்காத கணினியில் இதிலேயே சில ஜிபி கிடைக்கும்.

ஆனால் அந்தப் பட்டியலிலேயே டவுன்லோட்ஸ் என்றும் ஒரு பெட்டி உண்டு. அதை டிக் செய்யாதீர்கள். இங்கிருந்து அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நம் ஊரில் ஆதார், மின்கட்டண ரசீது, ரயில் டிக்கெட் என எல்லாமே டவுன்லோட்ஸில்தான் கிடக்கின்றன. அந்த ஃபோல்டரைத் திறந்து, அளவு வாரியாக வரிசைப்படுத்தி, கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக நீக்குங்கள். கடைசியாக ரீசைக்கிள் பின்னைக் காலி செய்தால்தான் அந்த இடம் திரும்பும்.

ஒன்டிரைவில் கவனம்

ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தால் இணையத்தில் இருக்கும் பிரதியும் சேர்ந்து போய்விடும். இடம் மட்டும் வேண்டுமென்றால் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுங்கள். கோப்பு இணையத்தில் இருக்கும், டிஸ்க் காலியாகும்.

எவ்வளவு போதும்?

30 ஜிபி காலியாக இருந்தால் நான் நிம்மதியாக அப்கிரேடைத் தொடங்குவேன். லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டு, மின்தடை வராத நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள்.

மாறிய பிறகு

விண்டோஸ்.ஓல்ட் என்று ஒரு பெரிய ஃபோல்டர் முளைத்திருக்கும். பழைய விண்டோஸ் அதில் இருக்கிறது. புதியது ஒத்துவரவில்லை என்றால் 10 நாளுக்குள் திரும்பிப் போக அது வேண்டும், அதனால் கை வைக்காதீர்கள். கெடு முடிந்ததும் விண்டோஸே அதை நீக்கிவிடும். வெளி டிஸ்க்கில் எடுத்த நகலை மட்டும் எடுத்த இடத்திலேயே விட்டு வையுங்கள்.