எட்டு கோர் இருந்தால் எட்டு மடங்கு வேகமா?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் மல்டிகோர் புரோகிராமிங்குக்கு என்றே ஒரு தாள் இருந்தது. கடைசி செமஸ்டரில், மனம் பாதி புராஜெக்டிலும் பாதி வேலை தேடுவதிலும் கிடக்கும்போது படிக்க வேண்டிய தாள். இன்று பெயர் மாறியும் வடிவம் மாறியும் பல கல்லூரிகளில் இணை நிரலாக்கம் பாடமாக இருக்கிறது. மற்ற தாள்களில் தெரியாததைக் கற்றுக்கொண்டால் போதும். இதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டு வருவதில் பாதியை முதலில் இறக்கி வைக்க வேண்டியிருக்கிறது. அப்படி இறக்கி வைக்க வேண்டிய சில இங்கே.

நம்பிக்கை: எட்டு கோர் இருந்தால் புரோகிராம் எட்டு மடங்கு வேகமாக ஓடும்.

லேப்டாப் விற்பவர் இப்படிச் சொல்லலாம், மாணவர் சொல்லக் கூடாது. ஐபிஎம் 360 கணினிகளின் தலைமை வடிவமைப்பாளரான ஜீன் ஆம்டால் 1967-லேயே இதற்குக் கணக்குச் சொல்லிவிட்டார். எந்த வேலையிலும் பிரித்துக் கொடுக்க முடியாத ஒரு பகுதி இருக்கும். இட்லி மாவை அரைக்க நாலு கிரைண்டர் போடலாம். மாவு புளிக்க ஒரு ராத்திரி ஆகத்தான் செய்யும், அதற்கு ஆள் கூட்டிப் பயனில்லை.

எண்ணில் பார்ப்போம். ஒரு புரோகிராம் 100 விநாடி ஓடுகிறது. கோப்பைப் படிப்பதும் விடையை எழுதுவதுமாக 10 விநாடி பிரிக்க முடியாத வேலை. மிச்சம் 90 விநாடியை எட்டு கோர்கள் சமமாகப் பங்குபோட்டால் 11.25 விநாடி. ஆக மொத்தம் 21.25 விநாடி, வேகம் 4.7 மடங்கு. எட்டில் பாதியைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆயிரம் கோர் கொடுத்தாலும் அந்தப் பத்து விநாடி அப்படியே நிற்கும். பத்து மடங்கைத் தொடவே முடியாது. இதுகூட கோர்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள ஆகும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் போட்டது.

நம்பிக்கை: அப்படியானால் ஆயிரக்கணக்கில் கோர் வைப்பது வீண் செலவு.

ஆம்டால் விதியைப் படித்த மறுநாளே வரும் சந்தேகம் இது. 1988-இல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் குஸ்டாஃப்சனும் சகாக்களும் 1024 பிராசசர்கள் கொண்ட கணினியில் ஆயிரம் மடங்குக்கும் மேல் வேகம் காட்டினார்கள். ஆம்டால் தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் கேட்ட கேள்வி வேறு. அதே கணக்கை எவ்வளவு சீக்கிரம் முடிக்கலாம் என்பது ஆம்டாலின் கேள்வி. அதே நேரத்துக்குள் எவ்வளவு பெரிய கணக்கை முடிக்கலாம் என்பது குஸ்டாஃப்சனின் கேள்வி.

வானிலைக் கணிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் போடும் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நாலு மடங்காகும். காலத்தையும் பாதிப் பாதியாக நகர்த்த வேண்டும் என்பதால் வேலை எட்டு மடங்காகிறது. நாளைய மழையை இன்று ராத்திரிக்குள் சொன்னால்தான் மதிப்பு. அதே நேரத்துக்குள் இன்னும் நுணுக்கமான வரைபடம் கிடைக்கிறது என்பதால்தான் அந்தத் துறைக்காரர்கள் கோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

நம்பிக்கை: லூப்புக்கு மேல் ஒரு பிராக்மா வரி போட்டால் போதும், மற்றதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும்.

1997-இல் வந்த ஓபன்எம்பி என்ற இணை நிரலாக்கத் தரம் இந்த ஆசையை வளர்த்துவிட்டது. ஒற்றை வரியில் ஒரு லூப் பல த்ரெட்களாகப் பிரிவது உண்மைதான். ஆனால் அந்த லூப்பைப் பிரிக்கலாமா கூடாதா என்று ஓபன்எம்பி சோதிப்பதில்லை. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிவிடும். ஓர் அணியின் ஒவ்வொரு எண்ணையும் இரட்டிப்பாக்குவது என்றால் பிரச்சினை இல்லை. ஒவ்வொரு இடத்திலும் அதுவரையிலான கூட்டுத்தொகையை எழுத வேண்டும் என்றால், ஐந்தாவது இடம் நாலாவதுக்காகக் காத்திருக்கிறது. அங்கே பிராக்மா போட்டால் விடை குப்பை.

‘எனவே இதை இணையாகச் செய்ய முடியாது’ என்று விடைத்தாளில் எழுதினாலும் மதிப்பெண் கிடையாது. 1986-இல் டேனியல் ஹில்லிஸும் கை ஸ்டீலும் எழுதிய கட்டுரையிலேயே இதற்கு வழி இருக்கிறது. முதல் சுற்றில் ஒவ்வோர் இடமும் தனக்கு ஓர் இடம் முன்னால் உள்ளதைத் தன்னோடு கூட்டிக்கொள்ளும். அடுத்த சுற்றில் இரண்டு இடம் முன்னால், பிறகு நாலு, எட்டு. 1024 எண்கள் பத்தே சுற்றில் முடிந்துவிடும், ஒரே சமயத்தில் உழைக்க அத்தனை பிராசசர் இருந்தால். மொத்தக் கூட்டல்களின் எண்ணிக்கை கூடுகிறது, காத்திருப்பு குறைகிறது. எது எதற்காகக் காத்திருக்கிறது, அந்தக் காத்திருப்பு வேலையிலேயே இருக்கிறதா, நாம் எழுதிய முறையில் இருக்கிறதா? என்னைக் கேட்டால் இந்தப் பாடம் முழுக்கவே இந்த ஒரு கேள்விதான். சிலபஸில் உள்ள ஓபன்எம்பி, எம்பிஐ, கூடா எல்லாம் அதற்கான கருவிகள்.

நம்பிக்கை: பத்து தடவை ஓட்டிப் பார்த்தேன், சரியாக வந்தது, எனவே புரோகிராம் சரி.

மற்ற நம்பிக்கைகள் நேரத்தைத்தான் வீணாக்கும், இது ஆபத்தானது. லேபில் எல்லோரும் செய்து பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. பொதுவான ஒரு கவுண்டர், இரண்டு த்ரெட்கள், ஒவ்வொன்றும் அதில் 10 லட்சம் முறை ஒன்றைக் கூட்ட வேண்டும். 20 லட்சம் வர வேண்டும், வருவதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எண், பெரும்பாலும் குறைவாக.

‘ஒன்றைக் கூட்டு’ என்பது பார்க்க ஒரே வேலை. இயந்திரத்துக்கு மூன்று: படி, கூட்டு, எழுது. கவுண்டரில் 41 இருக்கிறது. முதல் த்ரெட் 41-ஐப் படிக்கிறது; அது எழுதுவதற்குள் இரண்டாவதும் 41-ஐப் படிக்கிறது. இரண்டும் 42 என்று எழுதுகின்றன. ஒரு கூட்டல் காணாமல் போனது. இந்தக் கணக்குப்படி கடைசி விடை எவ்வளவு வரை குறையலாம் என்று வைவாவில் கேட்டால் ‘10 லட்சம்’ என்பார்கள். சரியான விடை 2. முதல் த்ரெட் 0-வைப் படித்துவிட்டு நிற்கட்டும். இரண்டாவது த்ரெட் கடைசி ஒன்றைத் தவிர எல்லாக் கூட்டல்களையும் முடிக்கட்டும். இப்போது முதல் த்ரெட் விழித்து 1 என்று எழுதுகிறது. இரண்டாவது தன் கடைசிக் கூட்டலுக்காக அந்த 1-ஐப் படித்துவிட்டு நிற்க, முதல் த்ரெட் மிச்ச வேலை முழுவதையும் முடித்துவிடுகிறது. கடைசியில் இரண்டாவது வந்து 2 என்று எழுதிவிட்டுப் போகிறது.

இதிலுள்ள விஷமம், ஆப்டிமைசேஷனைக் கூட்டிக் கம்பைல் செய்தால் இதே தப்பான புரோகிராம் பெரும்பாலும் 20 லட்சம் என்று சரியாகக் காட்டும் என்பது. லூப்பைத் தூக்கிவிட்டு 10 லட்சத்தை ஒரே கூட்டலாகக் கம்பைலர் மாற்றிவிடுவதே காரணம். பிழை அங்கேயேதான் இருக்கிறது, கண்ணில் படுவதில்லை.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்கு மின்சாரம் போனது. மரங்களில் உரசி மின்தடங்கள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துகொண்டு வந்தது ஒரு காரணம். ஓஹையோவில் ஃபர்ஸ்ட்எனர்ஜி கட்டுப்பாட்டு அறையின் அலாரம் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுபோனதும், ஊழியர்கள் அதை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அறியாமல் இருந்ததும் இன்னொரு காரணம். பிறகு குடைந்து பார்த்ததில் அகப்பட்டது, நம் கவுண்டரில் பார்த்ததைப் போல ஒரே தரவுக்காக முந்திக்கொள்வதால் வரும் ஒரு ரேஸ் கண்டிஷன். அந்த மென்பொருளைத் தயாரித்தவர்கள் சொன்னபடி, அதுவரை 30 லட்சம் மணி நேரத்துக்கும் மேல் அது ஓடியிருந்தது. அந்தப் பிழை ஒருமுறைகூடத் தலைகாட்டவில்லை. பத்து தடவை ஓட்டிப் பார்த்தது எம்மாத்திரம்?

‘லாக் போட்டால் தீர்ந்தது’ என்பார்கள். ஒவ்வொரு கூட்டலுக்கும் லாக் போட்டால் விடை சரியாகும், ஆனால் ஒரே த்ரெட்டில் ஓட்டியதைவிட மெதுவாகும். ஒவ்வொரு த்ரெட்டும் தனியே எண்ணிவிட்டு முடிவில் ஒரே ஒரு முறை கூட்டுவதுதான் வழி. அந்தத் தனி எண்ணிக்கைகளையும் ஓர் அணியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் 64 பைட் நீளமுள்ள ஒரே கேஷ் வரிசையில் அவை விழுந்து, கோர்கள் அதற்காக இழுபறி நடத்தும். வேகம் மறுபடி படுத்துவிடும்.

நம்பிக்கை: ஓட்டும்போதெல்லாம் கடைசி இலக்கம் மாறினால் அதுவும் ரேஸ்தான்.

அவசியமில்லை. தசம எண்களைக் கணினி கூட்டும்போது வரிசை மாறினால் விடை மாறும். நூறு கோடி கோடியுடன் 1-ஐக் கூட்டி, பிறகு நூறு கோடி கோடியைக் கழித்தால் டபுள் வகை எண்ணில் 0 வரும். முதலில் கழித்துவிட்டு 1-ஐக் கூட்டினால் 1. எந்த த்ரெட் முதலில் முடிக்கிறது என்பதைப் பொறுத்துக் கூட்டும் வரிசை மாறும், எனவே கடைசி இலக்கங்களும் மாறலாம்.

நம்பிக்கை: த்ரெட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

எட்டு கோரில் முழுக்க முழுக்கக் கணக்கு மட்டுமே போடும் புரோகிராமுக்கு எண்பது த்ரெட் கொடுத்தால் த்ரெட்களை முறை மாற்றி ஓட்டுவதிலேயே நேரம் போகும். பைதான்காரர்களுக்கு இன்னொரு சங்கடம்: வழக்கமான பைதானில் ஒரு சமயத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைதான் குறிமுறையை ஓட்டும்படி ஒரு பூட்டு இருக்கிறது. இந்தப் பூட்டு இல்லாத பதிப்பு 2024-இல் 3.13-உடன் சோதனை முயற்சியாகத்தான் வந்தது.

நம்பிக்கை: இதெல்லாம் சூப்பர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு.

அமெரிக்கா உயர்ரக கிரே கணினியைத் தர மறுத்த பின்னணியில் 1988-இல் புணேயில் தொடங்கப்பட்டது சி-டாக் என்ற கணினி ஆய்வு மையம். அங்கிருந்து 1991-இல் வந்த பரம் 8000 சூப்பர் கம்ப்யூட்டர், டிரான்ஸ்பியூட்டர் என்ற சிறிய சில்லுகளைக் கோத்துச் செய்ததுதான். அன்று தேசியத் திட்டமாக இருந்த வேலை, 2004-ஐ ஒட்டி எல்லோர் மேசைக்கும் வந்துவிட்டது. பென்டியம் 4-இன் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸில் சூடு தாங்காமல் நின்றது. அடுத்த ஆண்டே இன்டெலும் ஏஎம்டியும் மேசைக் கணினிக்கு இரட்டைக் கோர் சில்லுகளை இறக்கின. இருபது ஆண்டு கழிந்தும் உச்ச வேகம் 6 கிகாஹெர்ட்ஸை ஒட்டியே நிற்கிறது. உங்கள் செல்போனிலேயே எட்டு கோர் இருக்கலாம்.

லேப் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டில் அவுட்புட்டை மட்டும் ஒட்டச் சொல்லாதீர்கள். 1, 2, 4, 8 த்ரெட்களில் எத்தனை விநாடி ஆனது என்ற பட்டியலையும், வேகம் எந்த இடத்தில் ஏறாமல் நின்றது, ஏன் நின்றது என்று மாணவர் தன் சொந்த வார்த்தையில் எழுதும் நாலு வரியையும் சேர்த்துக் கேளுங்கள். மதிப்பெண்ணை அந்த நாலு வரிக்குப் போடுங்கள்.