சோதனைக்கும் ஒரு சோதனை: மருத்துவக் கருவிகளும் தரவுத்தளமும்

மாணவர்களே, மருத்துவமனை வார்டில் கட்டிலை ஒட்டி நிற்கும் கம்பத்தில் ஒரு சிறிய பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் இன்ஃபியூஷன் பம்ப். டிரிப் பையில் உள்ள மருந்தை, மருத்துவர் சொன்ன வேகத்தில் இரத்த நாளத்துக்குள் செலுத்துவது அதன் வேலை. திரையில் "மணிக்கு 60 மி.லி." என்று தெரிகிறது. உண்மையிலேயே 60 மி.லி. தான் போகிறதா? பார்வையால் மட்டும் சொல்லிவிட முடியாது. வேகம் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து.

அதனால்தான் இத்தகைய கருவிகள் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்கப்படுகின்றன. கருவியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சோதித்த தேதியும் அடுத்த சோதனைக்கான தேதியும் இருக்கும். அந்தச் சிறிய ஸ்டிக்கருக்குப் பின்னால் ஒரு சோதனைக்கூடமும், அதன் பதிவுகளைக் கவனிக்கும் ஒரு மென்பொருளும் இருக்கின்றன. அந்த மென்பொருளை நீங்கள் வடிவமைப்பதாக இருந்தால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

சோதனை எப்படி நடக்கிறது?

முறை எளிது. பம்பை மணிக்கு 60 மி.லி. என்று அமைத்து, 30 நிமிடத்துக்கு நீரைச் செலுத்த விடுகிறோம். வெளிவரும் நீரைப் பாத்திரத்தில் பிடித்துத் தராசில் நிறுக்கிறோம். 1 மி.லி. நீரின் நிறை ஏறக்குறைய 1 கிராம். ஆகவே 30 கிராம் வர வேண்டும்.

தராசு 31.8 கிராம் காட்டினால்,

பிழை = (31.8 − 30) ÷ 30 × 100 = +6%

பல பம்புகளுக்குத் தயாரிப்பாளர்கள் தரும் எல்லை ±5%. எனவே இந்தப் பம்ப் தேறவில்லை. பழுது பார்த்த பிறகு மீண்டும் சோதிக்க வேண்டும்.

நான்கு அட்டவணைகள்

எல்லாவற்றையும் ஒரே நீண்ட அட்டவணையில் எழுதினால் ஒரே விவரம் நூறு இடங்களில் திரும்பத் திரும்ப வரும். ஓரிடத்தில் திருத்தி மற்றோர் இடத்தில் விட்டுவிட்டால் குழப்பம்தான். அதனால் விவரங்களைப் பிரிக்கிறோம்.

1. மருத்துவக் கருவிகள்: அடையாள எண், வகை, தயாரிப்பாளர், வரிசை எண்.
2. அளவீட்டுக் கருவிகள்: தராசு, நிறுத்தக் கடிகாரம் முதலியவை, ஒவ்வொன்றின் அளவுத்திருத்தமும் காலாவதியாகும் தேதி.
3. சோதனை முறைகள்: செய்முறை, எல்லை, பதிப்பு எண்.
4. சோதனைப் பதிவுகள்: எந்தக் கருவி, எந்தத் தராசு, எந்த முறை, யார், எப்போது, அளவு என்ன.

ஒவ்வொரு கருவிக்கும் சோதனைக்கூடமே தனி அடையாள எண் தர வேண்டும். இதுவே முதன்மைச் சாவி. தயாரிப்பாளரின் வரிசை எண் மட்டும் போதாது. இரண்டு நிறுவனங்களின் கருவிகளில் ஒரே எண் அமைந்துவிடலாம். வார்டு எண்ணும் உதவாது. பம்ப் இன்று ஒரு வார்டில் இருக்கும், நாளை வேறொரு வார்டுக்குப் போகும்.

கணினி தீர்ப்புச் சொல்லட்டும்

"தேறியது", "தேறவில்லை" என்பதை மனிதர் தட்டச்சு செய்யக் கூடாது. அளவை மட்டும் அவர் பதிவு செய்யட்டும். எல்லையோடு ஒப்பிட்டு முடிவு சொல்வது மென்பொருளின் வேலை. இங்கே ஒரு பொறி இருக்கிறது. "பிழை 5-க்கு மேல் இல்லை என்றால் தேறியது" என்று நிரல் எழுதினால் என்ன ஆகும்? பிழை −20% ஆக இருந்தாலும் பம்ப் தேறிவிடும், ஏனென்றால் −20 என்பது 5-ஐ விடச் சிறியது! நோயாளிக்கு மருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைவாகப் போகும். குறியை நீக்கிய மட்டு மதிப்பைத்தான் ஒப்பிட வேண்டும்.

இன்னொன்று: காலியாக விடப்பட்ட கட்டத்தை 0 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "அளக்கவில்லை" வேறு, "அளந்தோம், 0 வந்தது" வேறு.

தராசே தவறாக இருந்தால்?

இந்த மென்பொருளின் மிக முக்கியமான வேலை இதுதான். தராசையும் ஒருவர் சரிபார்க்க வேண்டும். அதைத் துல்லியமான எடைக்கற்களால் சரிபார்க்கிறார்கள். அந்த எடைக்கற்களை அவற்றைவிடத் துல்லியமானவற்றோடு ஒப்பிடுகிறார்கள். இந்தச் சங்கிலி நாட்டின் தேசிய அளவியல் கழகம் வரை செல்கிறது. மலேசியாவில் அது சிப்பாங்கில் உள்ளது.

ஒரு நாள் தராசு 3% குறைவாகக் காட்டி வந்தது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு ஒரு பம்புக்கு 31.2 கிராம் பதிவாகியிருந்தது. பிழை +4%, தேறியது. ஆனால் உண்மையான நிறை 31.2 ÷ 0.97 = 32.2 கிராம். உண்மையான பிழை +7 விழுக்காட்டுக்கும் மேல்! தேறாத பம்ப் வார்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இந்தத் தராசு கடைசியாகச் சரி என்று உறுதியான நாளிலிருந்து, இதைக் கொண்டு சோதித்த கருவிகள் எவை?" இந்தக் கேள்விக்கு மென்பொருள் உடனே பட்டியல் தர வேண்டும். ஒவ்வொரு சோதனைப் பதிவிலும் தராசின் அடையாள எண் அயல் சாவியாக இருந்தால், எஸ்.கியூ.எல். கட்டளை ஒன்றே போதும். அது இல்லையென்றால், எல்லாப் பம்புகளையும் திரும்ப அழைக்க வேண்டியதுதான். சோதனைக்கூடங்களுக்கான அனைத்துலகத் தரமான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 இத்தகைய பின்தொடர்தலை வற்புறுத்துகிறது.

அழிப்பான் இல்லாத பதிவேடு

பதிவில் தவறு நேர்ந்தால் திருத்தலாம், அழிக்கக் கூடாது. பழைய மதிப்பு, புதிய மதிப்பு, திருத்தியவர், நேரம், காரணம் ஆகிய அனைத்தும் நிற்க வேண்டும். சோதித்தவரே ஒப்புதல் தராமல், இரண்டாவது ஆள் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அளவுத்திருத்தம் காலாவதியான தராசைத் தேர்ந்தெடுத்தால், மென்பொருள் பதிவையே ஏற்கக் கூடாது.

மென்பொருளுக்கும் தேர்வு உண்டு

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி, 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது, சிலர் உயிரிழந்தனர். அதன் மென்பொருளில் இருந்த பிழைகளில் ஒன்று: சரிபார்ப்பு தேவையா என்று காட்டும் எண், ஒரே பைட்டில் சேமிக்கப்பட்டு ஒவ்வொரு முறையும் 1 கூட்டப்பட்டது. ஒரு பைட்டில் 255-க்கு அடுத்தது மீண்டும் 0. அந்த 0 வந்த கணத்தில் சரிபார்ப்பு தவிர்க்கப்பட்டது.

எனவே நம் மென்பொருளையும் எல்லை மதிப்புகளால் சோதிப்போம்: +5.0, +5.1, −5.0, −5.1, காலிக் கட்டம், எண்ணுக்குப் பதில் எழுத்து. ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் விடையை முதலிலேயே எழுதிவைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

1. மேற்கண்ட நான்கு அட்டவணைகளையும் வரைந்து, முதன்மைச் சாவி, அயல் சாவி ஆகியவற்றை அம்புக்குறியால் இணையுங்கள்.
2. அதே தராசில் 28.2 கிராம் காட்டிய ஒரு பம்ப், −6% பிழை என்று நிராகரிக்கப்பட்டது. அது உண்மையிலேயே தேறாததா?
3. எல்லை ±5%-இலிருந்து ±4% ஆக மாறினால், பழைய பதிவுகளின் முடிவு மாறலாமா? சோதனை முறைக்குப் பதிப்பு எண் ஏன் தேவை?

விடைக் குறிப்பு: (2) 28.2 ÷ 0.97 = 29.1 கிராம், பிழை ஏறக்குறைய −3%. அது தேறிய பம்ப். (3) மாறக் கூடாது. அன்று நடப்பிலிருந்த எல்லையின்படி எடுத்த முடிவு அப்படியே நிற்க வேண்டும்; எந்தப் பதிப்பின்படி சோதித்தோம் என்பதைப் பதிப்பு எண்தான் காட்டும்.